மேலேயும் ஒரு கோடு

அவரோடு உட்கார்ந்து சினிமா பார்க்க முடியாது. வில்லியனூர் டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து வசதியாக உட்கார்ந்து, அப்போதுதான் முறுக்கைக் கடிக்க ஆரம்பித்திருப்போம். திரையில் கதாநாயகனின் தங்கை கோலம் போட வாசலுக்கு வருவாள். “இவ செத்துடுவா பாரு” என்பார். இடைவேளைக்கு முன்னால் அவள் செத்துப்போவாள். வில்லன் என்று நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் ஆளைக் காட்டி, இவன் நல்லவன்பா, போலீஸ்காரன் என்பார். அவன் கடைசி ரீலில் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டுவான். ஒரு தடவை முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, தயவுசெய்து வெளியே போய்விடப்பா என்றார். இவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். படம் விடும் வரை வெளியே கோலி சோடாக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். கோபம் என்பது அவருக்குக் கிடையவே கிடையாது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. பிள்ளை குட்டிகள் இருக்கிறார்கள், இதைப் படித்தாலும் படிப்பார்கள். எங்கள் ஃபுட்பால் டீமில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டோம், நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். என்னை மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே எல்லோரும் பாய் என்றார்கள். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன் நான், டீமில் கோல் கீப்பர். கம்பத்தைக் காவல் காக்கிறவன் கடையைக் கொஞ்சம் காவல் காத்தால் என்ன என்று எங்கள் அத்தா கேட்காத நாள் இல்லை.

கேப்டனுக்கு அடுத்தது என்ன என்பது தெரிந்துவிடும். ஜோசியம் இல்லை, சாமி வந்து சொல்வதும் இல்லை. கண்ணால் பார்ப்பார், அவ்வளவுதான். கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. பந்தலில் இருந்த கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், சமையல் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போய், மூன்றாவது பந்திக்குச் சாம்பார் வராது, இப்போதே பருப்பு வேகப் போடுங்கள் என்றார். அந்த மனுஷன் மகளைக் கட்டிக்கொடுக்கும் மகிழ்ச்சியில் இருந்தவர். முகம் செத்துப்போயிற்று. நல்ல நாளும் அதுவுமாக வாயை வைக்கிறான் பார் என்று திட்டினார். மூன்றாவது பந்தியில் சாம்பார் வரவில்லை. பருப்பு போடாதவரை ஒருவரும் திட்டவில்லை, இவரைத்தான் கரிநாக்குக்காரன் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் விசேஷம் வைக்கிறவர்கள் இவரை வாசலில் கண்டாலே ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து நல்லபடியாக அனுப்பிவைக்கப் பார்த்தார்கள்.

அவருக்கு இது புரியவே இல்லை. இடுப்பு வேட்டி அவிழ்ந்திருக்கிறவனிடம் சொல்லமாட்டோமா, அதுபோலத்தானே இதுவும் என்பார். எல்லோர் கண்ணுக்கும் எல்லாமும் தெரிகிறது, சொல்வதற்கு மட்டும்தான் சோம்பேறித்தனம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். புத்திசாலி என்ற கர்வம் ஒரு கடுகளவு இருந்திருந்தால்கூட மனுஷன் பிழைத்திருப்பார்.

ஆனால் மைதானத்துக்கு வந்துவிட்டால் அந்தக் கரிநாக்குதான் எங்களுக்குக் குலதெய்வம். ஊசுட்டேரிப் பக்கத்தில் ஒரு பொட்டல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா ஒருவர் வாங்கிக் கொடுத்த தோல் பந்து. பூட்ஸ் எல்லாம் யாருக்கும் கிடையாது. கேப்டன் சென்டர் ஆஃப். சும்மா சொல்லக் கூடாது, வேகமும் கிடையாது, உதையும் அப்படி ஒன்றும் பலம் கிடையாது. நடுவில் நின்றுகொண்டு காலைவிட வாயால்தான் அதிகம் ஆடுவார். நீ உள்ளே வா, நீ அகலப் போ, அவனை விடு, அவன் கொடுக்கப்போகிறான், வாங்குகிறவனைப் பிடி. பந்து வருவதற்கு முன்பே அது வரும் இடத்தில் எங்கள் ஆள் ஒருவன் நின்றிருப்பான். எதிர் டீம்காரர்கள் யாரோ தங்கள் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டதாகத் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள்.

லூர்து மாதா திருவிழாவையொட்டி ஒரு போட்டி. பாகூர் டீமோடு கடைசி ஆட்டம். முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்துவிட்டார்கள். அடிக்க வந்தவன் பனைமரம் மாதிரி இருந்தான். கேப்டன் பெட்டிக்கு வெளியே நின்று, ஏதோ வெற்றிலை வேண்டுமா என்று கேட்கிறவர்போல, “பாய், வலது பக்கம்” என்றார். அடிக்கிறவனுக்கும் அது கேட்டிருக்கும். இருந்தும் அவன் அங்கேதான் அடித்தான், நான் அங்கேதான் விழுந்தேன். பந்து என் வயிற்றில் கிடந்தது. எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். பந்தை வைக்கும்போது அவன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான், அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை என்றார். இதை ஒரு பெரிய விஷயம் என்று நினைத்துக் கேட்கிறாயே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

பிழைப்புக்கு அவர் கடலை மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். எட்டாவது வரை படிப்பு. அந்தக் காலத்தில் பந்தாட்டக்காரனுக்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. பாண்டியில் இருந்த பஞ்சாலைகளில் டீம் வைத்திருந்தார்கள். நன்றாக ஆடுகிறவனைப் பிடித்துப் போய்த் தறியிலோ நூற்பிலோ பதிலியாகப் போட்டு, பிறகு பர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள். பூட்ஸ், பனியன், பயிற்சி நாளில் பாலும் முட்டையும். டவுன் மைதானத்தில் ஜனம் பார்க்க ஆடலாம். கேப்டனுக்கு அந்த மைதானத்தின் மேல் அப்படி ஓர் ஆசை. பொட்டலில் கத்தினால் எருமைக்குத்தான் கேட்கிறது பாய் என்பார். அவருடைய மாமாவும் மில் வேலை கிடைத்தால் பெண்ணைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கும் இவர் மேல் பிரியம். வயதோ ஏறிக்கொண்டிருந்தது. மில்லில் ஆள் எடுக்கும் வயது வரம்பு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்றது.

ஒரு மில்லில் சென்டர் ஆஃப் ஆடிக்கொண்டிருந்தவருக்கு முட்டி போய்விட்டது என்று தகவல் வந்தது. அந்த டீமைப் பார்த்துக்கொண்டவர் தறிக் கொட்டகையின் மேஸ்திரி, பழைய ஆட்டக்காரர். திருவிழா ஆட்டத்தைப் பார்த்திருந்தார். கேப்டனையும் என்னையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கூடவே ஒரு புதுச் செய்தியும் வந்தது. மில்லில் நீண்ட ஸ்டிரைக் ஒன்று நடந்து அப்போதுதான் முடிந்திருந்தது. அதற்கப்புறம் வெளியூரிலிருந்து வந்திருந்த லேபர் ஆபீசர், இனிமேல் ஆட்டக்காரன் என்றாலும் காலை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது, மூளையையும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். காலையில் ஆட்டம், பிற்பகலில் புத்திப் பரீட்சை.

புத்திப் பரீட்சை என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? விடுகதை என்று முடிவு செய்துவிட்டார்கள். அவ்வளவுதான், ஊரே வாத்தியார் ஆகிவிட்டது. டீக்கடையில் ஆடு, புலி, புல்லுக்கட்டை ஆற்றைக் கடத்தச் சொன்னார்கள். முடி வெட்டிக்கொள்ளப் போனால் பாதித் தலையில் கத்தியை நிறுத்திக் கிணற்றுக்குள் இருக்கும் தவளையைக் கரையேற்றச் சொன்னார்கள். பாண்டி பஸ் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டார். எங்கள் அத்தாகூடப் புளியை நிறுத்துக்கொண்டே ஒரு பழைய கணக்கைக் கேட்டார். தராசுத் தட்டு ஆடி நிற்பதற்குள் விடை வந்துவிட்டது. அத்தா புளியை மடித்துக் கொடுத்துவிட்டு, பந்தாடுகிறவர்களில் மனுஷர்களும் இருக்கிறார்கள்போல என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கேப்டனை இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையாகப் பேசவிட்டது அந்த மாதத்தில்தான். கரிநாக்கு என்ற பேச்சே மறைந்துபோயிற்று.

காலை ஆட்டத்தில் அவர் சொன்னார், நாங்கள் ஆடினோம், மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். பிற்பகல் மில் கேன்டீனில் மேஜை போட்டு உட்காரவைத்தார்கள். ஆடும் இல்லை, புலியும் இல்லை. கட்டம், முக்கோணம், வட்டம் என்று வரிசையாகப் போட்டு, அடுத்தது எது என்று கேட்டிருந்தார்கள். எண்கள் வரிசையாகப் போய் ஒரு இடத்தில் வெற்றுக் கட்டம். மணி அடித்தால் திருப்ப வேண்டும், மணி அடித்தால் வைக்க வேண்டும். எனக்கு முதல் பக்கத்திலேயே கண்ணைக் கட்டியது. தெரிந்ததைப் போட்டேன், தெரியாததை அல்லாவின் மேல் பாரத்தைப் போட்டுக் கோடு இழுத்தேன். பக்கத்து மேஜையில் கேப்டன் பென்சிலை வைக்கும் சத்தம் கேட்டது. எழுதி முடித்துவிட்டு, சுழல்கிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது எது என்று கேட்டு ஒரு பரீட்சை வைத்தால், அது இவருக்காகவே வைத்ததல்லாமல் வேறென்ன? எனக்கு வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இவருக்குக் கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து மில் வாசல் பலகையில் என் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அத்தாவுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போ என்றார். மூலக்குளம் தாண்டியதும் மெதுவாக, “எங்க தப்பு வுட்டேன்னு தெரியல பாய்” என்றார். ஒவ்வொரு கேள்வியாக ஞாபகத்திலிருந்து எடுத்து, இதற்கு இதைப் போட்டேன், இது சரிதானே என்று என்னைக் கேட்டார். என்னைப் போய்க் கேட்டார், பாருங்கள். வாரக்கணக்கில் அவர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். மூட்டை தைக்கும்போது ஊசி பாதியில் நிற்கும், உதடு அசையும், அந்தப் பரீட்சையை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். எல்லாவற்றையும் முன்கூட்டிப் பார்க்கிறவருக்கு, நடந்து முடிந்த ஒன்றில் ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. அது அவரைத் தின்றது.

ஊர் சும்மா இருக்குமா? அத்தனை விடுகதையும் சொல்லிக்கொடுத்தும் கோட்டை விட்டானே என்று ஆரம்பித்தார்கள். படத்துக்குக் கதை சொல்கிற மூளை இவ்வளவுதானா என்றார்கள். அவர் போகும்போது சின்னப் பசங்கள் பின்னாலிருந்து, தவளை ஏறிடுச்சா, தவளை ஏறிடுச்சா என்று கத்தினார்கள். மாமா வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்க்கிறார் என்றும் பேச்சு வந்தது. அவர் ஊசியை எடுத்துக்கொண்டு அடுத்த மூட்டையைத் தைக்கப் போய்விடுவார். எனக்குத்தான் நாலு பேரை அறைய வேண்டும்போல இருந்தது.

நான் மில்லுக்குப் போய், பஞ்சுத் தூசியில் இருமப் பழகி, சில மாதங்கள் ஓடிவிட்டன. ஒருநாள் பயிற்சி முடிந்து மேஸ்திரி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மனசு தாளாமல் கேட்டுவிட்டேன், எங்கள் கேப்டன் அப்படி என்னதான் தப்பாக எழுதினார் என்று. மேஸ்திரி சிரித்தார். ஒரு தப்பும் இல்லை, அவ்வளவு மார்க் இதுவரை ஒருத்தனும் வாங்கியதில்லை, ஆபீசரே நம்பாமல் இரண்டாவது தடவை கூட்டிப் பார்த்தார் என்றார். அப்புறம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“கீழ ஒரு கோடு இருக்கு, மேலயும் ஒரு கோடு இருக்கு. நடுவுல நிக்கறவன்தான்பா தறிக்கு ஆவான். மேல போறவன் ஆறு மாசத்துல, தறி ஏன் இப்படி ஓடுதுன்னு கேப்பான். ஒரு வருசத்துல, சம்பளம் ஏன் இவ்ளோன்னு கேப்பான். ஸ்டிரைக்கு நடந்த மில்லுபா இது.”

தோற்றுப்போனால் தோற்றான் என்று சொல்லுங்கள், ஜெயித்ததற்காகவா ஒருத்தனை வெளியே நிறுத்துவார்கள்? பள்ளிக்கூடத்தில் போட்ட நாள் முதல் மார்க்கு மார்க்கு என்று எங்களை அடித்தார்களே, இவ்வளவுக்கு மேல் வாங்காதே என்று ஒரு வாத்தியார்கூடச் சொல்லவில்லையே. ஊரே சேர்ந்து ஆசையாகப் படிப்பு சொல்லிக்கொடுத்து அவரைக் கோட்டுக்கு மேலே தள்ளிவிட்டதாக எனக்குத் தோன்றியது. அவர் எங்கள் படிப்பு இல்லாமலும் மேலேதான் போயிருப்பார், அது வேறு விஷயம்.

வார விடுமுறை வந்ததும் முதல் பஸ் பிடித்து மண்டிக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். மேனேஜ்மென்டைத் திட்டுவார், கோணி ஊசியை வீசி எறிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. “அப்ப ஒண்ணும் தப்பு இல்ல” என்றார். எழுந்து நின்று வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். மண்டிக்காரரிடம் போய், நான் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனுஷருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கடலைத் தூசி கண்ணில் விழுந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். “மேல் கோடு எங்க இருக்கு பாய்?”

மேஸ்திரியிடம் விசாரித்துச் சொன்னேன். வயது வரம்புக்குள் இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி. இந்த முறை நடுவில் எழுதிவிட்டால் வேலை, மைதானம், மாமா பெண் எல்லாம் கிடைத்துவிடும். அவரிடம் இருந்த ஒரே தடங்கல், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குத் தெரியாது. பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேலியாகக் கேட்கவில்லை. வெளியூர் போகிறவன் அந்த ஊரில் குளிர் எப்படி என்று கேட்பானே, அந்த மாதிரிதான் கேட்டார். நெற்றி சுருங்கும், முதலில் ஒன்று சரி என்று தோன்றும், பிறகு அடுத்ததும் சரி என்று தோன்றும், கடைசியில் எரிச்சலில் ஏதோ ஒன்றைப் போடுவோம் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் ஆரம்பித்தது ஒரு பயிற்சி. எந்த ஆட்டக்காரனும் இப்படி ஒரு பயிற்சி எடுத்திருக்க மாட்டான். டீக்கடையில் யாராவது வம்புக்கு ஒரு விடுகதை போட்டால், விடை உதடு வரை வந்து துடிப்பதை நான் பார்ப்பேன். முழுங்குவார். கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்ப்பார். “தெரியலபா” என்பார். முதலில் முகமே காட்டிக்கொடுத்தது. போகப் போக நெற்றிச் சுருக்கம் சரியாக வந்தது. கொட்டாவிகூட வந்தது. கேலி செய்தவர்களுக்கே சுவாரசியம் போய், பாவம் விடுங்கப்பா என்று விட்டுவிட்டார்கள். எதைத் தொட்டாலும் கற்றுக்கொண்டுவிடுகிற மனுஷர், இதையும் கற்றுக்கொண்டுவிட்டார். எனக்கு அப்போது அது பெரிய வேடிக்கையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவது பரீட்சையில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது மார்க். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஆபீசருக்குப் போன வருஷத்து மார்க் ஞாபகம் இருந்தது. அப்படி எழுதினவன் இப்படி எழுதுவானா என்று மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார். மேஸ்திரிக்கு டீமுக்கு ஆள் வேண்டும். போன வருஷம் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதிவிட்டான் சார், இந்த வருஷம் தனியாக உட்காரவைத்தோம் என்று சமாளித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவன் நான். என் மார்க் என்ன என்று அந்த ஆபீசர் ஒரு நிமிஷம் எடுத்துப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். பார்க்கவில்லை. கேப்டனைக் கூப்பிட்டு, காப்பி அடித்தாயா என்று கேட்டார். வாழ்க்கையில் ஒருவர் இலையைப் பார்த்துக்கூடச் சாப்பிடாத மனுஷர், தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் சார் என்றார். ஆபீசருக்கு ரொம்பத் திருப்தி. ஒத்துக்கொண்டாயே, நல்ல பையன், ஆனால் இனிமேல் ஏதாவது ஏமாற்று வேலை என்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவேன் என்றார்.

ஆக வேலை கிடைத்தது. மாமாவும் பேச்சு மாறாமல் பெண்ணைக் கொடுத்தார். புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு மில் காம்பவுண்டுக்குள் சும்மாவே நடந்து பார்த்தார். தறியில் பேசாமல் நின்றார். ஒருநாள் பக்கத்துத் தறிக்காரரிடம் போய்க் கொஞ்சம் வெற்றிலை வேண்டும் என்று கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தார். அவர் வெற்றிலையை மடிப்பதற்குள், முதலில் நின்றிருந்த இடத்தில் இயந்திரப் பட்டை அறுந்து சாட்டை மாதிரி அடித்தது. எல்லோரும் சாமிதான் காப்பாற்றியது என்றார்கள். கேப்டன் வெற்றிலை போடமாட்டார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆட்டத்திலும் ஆரம்பத்தில் அடக்கித்தான் வாசித்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், பாய், இடது, பாய், வெளியே வா என்பார். ஜெயித்தோம். ஜெயிக்க ஜெயிக்கத் தைரியம் வந்து, பழைய குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. டவுன் மைதானத்தில் ஜனம் கேட்க அவர் கத்தியது இரண்டோ மூன்றோ ஆட்டம்தான் இருக்கும். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை. டீம் இறுதியாட்டத்துக்குப் போகப்போகிறது என்றதும் ஆபீசருக்கும் ஆசை வந்துவிட்டது. நாற்காலி போட்டுக் கோட்டோரத்தில் உட்கார ஆரம்பித்தார். அரையிறுதியின் இடைவேளையில் மேஸ்திரியிடம், யார் அந்த சென்டர் ஆஃப், எல்லோருக்கும் முன்கூட்டியே உத்தரவு போடுகிறானே, எப்படித் தெரிகிறது அவனுக்கு என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டாரோ என்னவோ. சும்மா கத்துவான் சார் என்றார் மேஸ்திரி. கேப்டன் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் அவர் குரல் வரவில்லை. அது வரை போட்டிருந்த கோல்களை வைத்து ஒருவழியாகத் தப்பித்தோம்.

இறுதியாட்டம் இன்னொரு மில் டீமோடு. ஜனம் மரத்திலெல்லாம் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆபீசர் மாலை போடுவதற்காக வேட்டி கட்டி வந்திருந்தார். கேப்டன் ஊமை மாதிரி ஆடினார். பந்து வந்தால் உதைத்தார், வராவிட்டால் நின்றார். அவர் வாயை நம்பியே ஆடிப் பழகிய நாங்கள் கண்ணைக் கட்டிவிட்டவர்கள் மாதிரி முட்டிக்கொண்டோம். இருந்தும் எப்படியோ சமமாக வந்துகொண்டிருந்தது. முடியப்போகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர். எங்கள் ஆட்கள் எல்லோரும் அவர்களுடைய நெட்டை ஃபார்வர்டை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். கேப்டன் மட்டும் திரும்பினார். பின்னாலிருந்து அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் ஒருத்தன், சம்பந்தமே இல்லாதவன்போல மெதுவாக வந்துகொண்டிருந்தான். அவர் வாய் திறந்ததை நான் பார்த்தேன். கண் ஒரு தடவை ஆபீசரின் நாற்காலிப் பக்கம் போனது. வாய் மூடிக்கொண்டது. பந்து வளைந்து வந்தது, நெட்டையன் குனிந்துகொண்டான், பின்னாலிருந்து வந்தவன் தலையால் முட்டினான். நான் தப்பான பக்கம் விழுந்து கிடந்தேன்.

அவர்கள் கும்பலாகக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் வலைக்குள் வந்து பந்தை எடுத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“இன்னாண்ணா, அவன் வர்றது உனக்குத் தெரியலியா?”

“தெரிஞ்சிது பாய்.”

“ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

பந்திலிருந்த மண்ணைப் பனியனில் துடைத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“சொன்னா கண்டுபுடிச்சிடுவாங்கடா.”

அவர் அந்த மில்லில் வேலை பார்த்த கடைசி நாள் வரைக்கும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.